வைரஸ் தாங்கும் நெல்: எதைத் தாங்கும்?

மதுராந்தகம் பக்கம் பயிர் வைக்கும் என் சித்தப்பா ஒரு நாள் விடியற்காலையில் போன் செய்தார். நட்டு ஒரு மாதம் ஆன சொர்ணவாரி நெல். வயலில் திட்டுத் திட்டாக மஞ்சள். யூரியா போட்டாயிற்று, துத்தநாக சல்பேட்டும் போட்டாயிற்று. "பச்சை திரும்பவே மாட்டேங்குதுப்பா, குட்டையாவே நிக்குது" என்றார்.

சத்துக் குறைவு என்றால் பெரும்பாலும் வயல் ஒரே சீராக வெளுக்கும். இங்கே நல்ல பயிருக்கு நடுவே திட்டாக வந்திருந்தது. இலை நுனியில் தொடங்கிய ஆரஞ்சு கலந்த மஞ்சள் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. தூரும் சரியாகக் கட்டவில்லை. துங்ரோ என்ற வைரஸ் நோயாக இருக்குமோ என்ற சந்தேகம் வந்தால் செய்து பார்க்க ஒரு எளிய சோதனை உண்டு. வெயில் ஏறுவதற்கு முன் இலை நுனியைப் பத்து சென்டிமீட்டர் நீளத்துக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். 100 மில்லி தண்ணீரில் 2 கிராம் அயோடினும் 6 கிராம் பொட்டாசியம் அயோடைடும் கரைத்து, அதில் அந்த நுனியைக் கால் மணி நேரம் ஊறவைக்க வேண்டும். நோய் கண்ட இலையில் கருநீலக் கோடுகள் விழும்.

பள்ளியில் சோற்றின் மேல் அயோடின் சொட்டு விட்டு நீல நிறம் பார்த்திருப்போமே, அதே வேதியியல்தான். பகலில் இலை தயாரிக்கும் மாவுச்சத்து இரவில் சர்க்கரையாகி மற்ற பாகங்களுக்குப் போய்விட வேண்டும். துங்ரோ வந்த செடியில் அது போகாமல் இலையிலேயே தேங்கிவிடுகிறது. வெயில் ஏறிய பிறகு பறித்தால் நல்ல இலையிலும் புதிதாக மாவு சேர்ந்திருக்கும், சோதனை குழப்பிவிடும். அதனால்தான் விடியற்காலை.

சித்தப்பா வயல் இலையில் கோடு விழுந்தது. உடனே அவர் கேட்டது: "சரி, என்ன மருந்து அடிக்கணும்?"

வைரஸை வயலில் கொல்லும் மருந்து கிடையாது. பூஞ்சை தனியாக ஒரு உயிர். செடியைக் கெடுக்காமல் அதை மட்டும் கொல்ல வழி உண்டு. வைரஸுக்கோ சொந்தமாக அடுப்பும் இல்லை, பாத்திரமும் இல்லை. செடியின் செல்லுக்குள் நுழைந்து, செடியின் சமையலறையிலேயே தன்னைச் சமைத்துக்கொள்கிறது. அதை அங்கிருந்து விரட்ட, செடியின் செல்லையே அல்லவா கெடுக்க வேண்டியிருக்கும்? ஆக, ஒன்று நோய் வயலுக்குள் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் வந்தாலும் வேலை நடக்காத ரகத்தை நட வேண்டும். இந்தக் கட்டுரை இரண்டாவது வழியைப் பற்றியது.

ஒரு நோய், இரண்டு வைரஸ்

துங்ரோ என்பது பிலிப்பைன்ஸ் வட்டார மொழிச் சொல். வளர்ச்சி கெட்டுப்போவது என்று பொருள் சொல்வார்கள். மலேசியாவில் இதற்குப் பெயர் 'பென்யாகிட் மேரா', அதாவது சிவப்பு நோய். பெயரெல்லாம் பழையது. இது ஒரு வைரஸ் நோய், பச்சைத் தத்துப்பூச்சிதான் பரப்புகிறது என்று 1960களின் முற்பாதியில் பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் கண்டுபிடித்தார்கள். அந்தப் பூச்சி ஒரு அரிசி நீளம்கூட இருக்காது. நோய்ப்பட்ட செடியில் சில நிமிடம் சாறு உறிஞ்சினாலே வைரஸை வாங்கிக்கொள்ளும். அடுத்த செடியில் சில நிமிடம் உட்கார்ந்தாலே கொடுத்துவிடும். நல்லவேளையாக, அந்தச் சரக்கு அதன் வாயில் சில நாள்தான் தங்கும். விதை வழியாக இந்த நோய் பரவுவதில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். துங்ரோ வந்ததும் "போன வருஷ விதை சரியில்லை" என்று விதையைத் திட்டுவது வழக்கம். அந்தப் பழி அதற்கு வேண்டாம்.

நோய்க்குக் காரணம் ஒன்றல்ல, இரண்டு வைரஸ் என்பது 1978 வாக்கில்தான் தெளிவாகத் தொடங்கியது. ஒன்று குச்சி வடிவம், இன்னொன்று உருண்டை. சுருக்கமாகக் குச்சி, உருண்டை என்றே சொல்வோம். குச்சியின் மரபுப்பொருள் டி.என்.ஏ., உருண்டையுடையது ஆர்.என்.ஏ. சொந்தக்காரர்களே இல்லை. ஆனால் தொழிலைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கிறார்கள். செடியை மஞ்சளாக்கிக் குட்டையாக்குவது பெரும்பாலும் குச்சியின் வேலை. உருண்டை தனியாக வந்தால் செடியில் ஒன்றுமே தெரியாமல்கூடப் போகும். ஆனால் குச்சியால் தானாகப் பூச்சியின் மேல் ஏற முடியாது. உருண்டையும் கூட இருந்தால்தான், அல்லது பூச்சி ஏற்கெனவே உருண்டை உள்ள செடியில் உறிஞ்சியிருந்தால்தான், குச்சிக்கு வண்டி கிடைக்கும்.

இதிலேயே ஒரு வாய்ப்பு ஒளிந்திருக்கிறது. கெடுதல் செய்கிறவனை விட்டுவிட்டு வண்டி ஓட்டுகிறவனைத் தடுத்தாலும் ஊர் பிழைத்துக்கொள்ளும். உருண்டைக்கு இடம் கொடுக்காத ரகம் வயல் முழுக்க இருந்தால், எங்கிருந்தோ வந்த ஒரு பூச்சி ஒரு செடியில் குச்சியை இறக்கினாலும், அந்தச் செடியிலிருந்து அது அடுத்ததற்குப் போகப் பெரும்பாலும் வழியில்லை.

பூச்சியா, வைரஸா: பழைய குழப்பம்

1966-ல் வந்த ஐ.ஆர். 8 மகசூலில் புரட்சி செய்த ரகம். துங்ரோவின் முன்னால் அதற்கு ஒரு பாதுகாப்பும் இல்லை. 1971 வாக்கில் பிலிப்பைன்ஸில் துங்ரோ பெரிதாக அடித்தபோது, விவசாயிகள் 1969-ல் வெளியாகியிருந்த ஐ.ஆர். 20-க்கு மாறினார்கள். நம் ரேஷன் கடைப் பேச்சில்கூட 'ஐ.ஆர். இருபது' என்ற பெயர் ரொம்ப நாள் புழங்கியது. அதன் பெற்றோரில் ஒன்று டி.கே.எம். 6. திருவள்ளூருக்குப் பக்கத்தில் உள்ள திரூர்குப்பம் நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ரகம் அது. டி.கே.எம். என்பதே திரூர்குப்பத்தின் சுருக்கம்தான். தண்டுத்துளைப்பானைத் தாங்கும் குணத்தோடு துங்ரோவை ஓரளவு தாங்கும் குணமும் அதிலிருந்து ஐ.ஆர். 20-க்குப் போனது. பிலிப்பைன்ஸின் லூசான் தீவில் பயிரைக் காப்பாற்றிய குணத்தில் ஒரு பங்கு நம் பக்கத்து மண்ணில் உருவானது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

சரி, ஒரு ரகம் துங்ரோவைத் தாங்குகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? ஒரு கண்ணாடிக் குழாயில் ஒரே ஒரு இளநாற்றை வைப்பார்கள். நோய்ப்பட்ட செடியில் உறிஞ்சவைத்த தத்துப்பூச்சிகளை அதற்குள் விட்டு வாயை அடைத்துவிடுவார்கள். பூச்சிக்கு வேறு சாப்பாடு இல்லை, தப்பிக்கவும் வழியில்லை. பிறகு நாற்றை நட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்து மஞ்சளாகிறதா, குட்டையாகிறதா என்று பார்ப்பார்கள். ஆயிரக்கணக்கான ரகங்களைப் பார்க்க வேண்டும் என்றால் இப்படி ஒவ்வொன்றாகச் செய்துகொண்டிருக்க முடியாது. தட்டுகளில் வரிசையாக நாற்று வளர்த்து, கூண்டுக்குள் பூச்சிகளை மொத்தமாக விட்டுவிடுவார்கள். வேகமான வழிதான். ஆனால் ஏமாற்றுகிற வழி.

காரணம் இதுதான். தட்டில் ஒரு நாற்று பச்சையாகவே நின்றால், வைரஸ் அதற்குள் போயும் வேலை செய்ய முடியவில்லை என்று அர்த்தமாகலாம். பூச்சிக்கு அந்தச் செடியின் சாறு பிடிக்காமல் பக்கத்து நாற்றுக்குத் தாவிவிட்டது என்றும் அர்த்தமாகலாம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். வயலில் இரண்டும் ஒன்றல்ல. துங்ரோவைத் தாங்கும் என்று ஆரம்பத்தில் பெயர் வாங்கிய ரகங்களில் பல, உண்மையில் தத்துப்பூச்சியைத் தாங்கியவைதான். அவற்றையே பெரும் பரப்பில் தொடர்ந்து நட்டால், அந்தச் சாற்றையும் குடித்துப் பிழைக்கத் தெரிந்த பூச்சிகள் பெருகுகின்றன. தத்துப்பூச்சிக்குத் தலைமுறை என்பது சில வாரக் கணக்கு. அவை வந்ததும், நோய் தாங்கும் ரகம் என்று நம்பி நட்டதும் மஞ்சளாகிறது. அப்போதுதான் தெரிகிறது, அந்தச் செடிக்குள் வைரஸை எதிர்க்க எதுவுமே இருக்கவில்லை என்று.

வேலியைப் பார்த்து வீட்டுக்குப் பூட்டு இருக்கிறது என்று நினைத்துக்கொண்ட கதை. வேலி வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வேலி என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கண்ணால் பார்ப்பதை விட்டு, செடிச் சாற்றில் எந்த வைரஸ் இருக்கிறது என்று தனித்தனியாகக் காட்டும் எலிசா சோதனை புழக்கத்துக்கு வந்த பிறகு குழப்பம் தெளிந்தது. சில ரகங்களில் குச்சி இருந்தது, உருண்டை இல்லை. சிலவற்றில் இரண்டும் இருந்தும் செடி பெரிதாகக் கவலைப்படவில்லை. இந்தக் கடைசி வகையை எதிர்ப்பு என்று சொல்லக்கூடாது, சகிப்பு என்றுதான் சொல்ல வேண்டும். எதிர்ப்பு உள்ள செடியில் வைரஸ் பெருகாது. சகிப்பு உள்ள செடியில் வைரஸ் பெருகும், செடி மட்டும் தாக்குப்பிடிக்கும். அந்த விவசாயிக்குக் கதிர் வந்துவிடும். ஆனால் அவர் வயல் பக்கத்து வயலுக்கு நோய்க் கிடங்காக நிற்கும்.

இந்தத் தேடலில் கிடைத்த புதையல் உத்ரி மேரா என்ற இந்தோனேசிய நாட்டு ரகம். உருண்டைக்கு உண்மையான எதிர்ப்பு, குச்சிக்குச் சகிப்பு, இரண்டும் அதில் இருந்தன. 'மேரா' என்றால் சிவப்பு. நோயின் மலாய்ப் பெயரிலும் சிவப்பு, அதற்கு மாற்றான நெல்லின் பெயரிலும் சிவப்பு!

இல்லாமையே பலம்

எதிர்ப்புச் சக்தி என்றதும் செடியிடம் ஏதோ கூடுதல் ஆயுதம் இருப்பதாக நினைக்கிறோம். அப்படிப்பட்ட மரபணுக்களும் உண்டு. ஆனால் உத்ரி மேராவின் கதை வேறு.

செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் வேலையைத் தொடங்கிவைக்கச் சில துணைப் புரதங்கள் தேவை. அவற்றில் ஒன்றின் பெயர் இ.ஐ.எஃப்.4ஜி. கல்யாண வீட்டில் தலைமைச் சமையல்காரரிடம் சீட்டைக் கொண்டுபோய்க் கொடுத்து அடுப்பு மூட்ட வைக்கும் ஆள் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உருண்டை வைரஸும் தன் சீட்டை இந்த ஆளிடம்தான் நீட்ட வேண்டும். உத்ரி மேராவில் இந்தப் புரதத்தின் அமைப்பு ஒரே இடத்தில் துளி மாறியிருக்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலியில் ஓரிரண்டு கண்ணிகள்தான் வேறு. செடியின் சொந்தச் சமையல் தடையில்லாமல் நடக்கிறது. வைரஸின் சீட்டு மட்டும் செல்லுபடியாகவில்லை. 2010-ல் வெளியான ஆய்வு இந்த மரபணுவை ஏழாவது குரோமோசோமில் அடையாளம் காட்டியது.

இது நெல்லுக்கு மட்டும் உரிய விநோதம் அல்ல. ஆப்பிரிக்காவில் நெல்லைத் தாக்கும் மஞ்சள் தேமல் வைரஸ் முற்றிலும் வேறு வைரஸ். அதைத் தாங்கும் ஜிகாண்டே என்ற ரகத்திலும் மாறியிருப்பது இதே குடும்பத்துப் புரதம்தான். ஐரோப்பாவில் பார்லியைத் தாக்கும் மஞ்சள் தேமல் வைரஸ்களுக்கு எதிராக வெகுகாலமாகப் பயன்படுத்தும் ஒரு மரபணுவும் இதே புரதக் கூட்டத்தில் இன்னொன்று. மூன்று கண்டம், இரண்டு தானியம், வெவ்வேறு வைரஸ்; மாறியிருப்பது ஒரே சமையலறையின் ஆள்.

இந்த வகை எதிர்ப்புக்கு ஒரு விலை உண்டு. ஒவ்வொரு மரபணுவும் செடியில் இரண்டு பிரதியாக இருக்கும், தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. இரண்டில் ஒன்று பழைய வடிவமாக இருந்தாலே போதும், வைரஸ் அந்த ஆளைப் பிடித்து வேலையை முடித்துவிடும். இரண்டுமே மாறிய வடிவமாக இருந்தால்தான் பாதுகாப்பு. இதை ஒடுங்கு பண்பு என்பார்கள். ரகம் உருவாக்குகிறவருக்கு இதில்தான் தலைவலி.

கத்தரிக்கோலும் பொறுமையும்

இந்தக் குணத்தை நல்ல மகசூல் தரும் ஒரு ரகத்துக்குள் கொண்டுபோக வேண்டும். நெல் தன் மகரந்தத்தைத் தானே ஏற்கும் பயிர், அதனால் கையால்தான் கலக்க வேண்டும். பாதி வெளிவந்த கதிர் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, சாயங்காலம் ஒவ்வொரு பூவின் உமியையும் மேலே மூன்றில் ஒரு பங்கு சாய்வாக வெட்டுவார்கள். உள்ளே ஆறு மகரந்தப் பைகள் இருக்கும். சூலகத்தில் படாமல் அந்த ஆறையும் இடுக்கியால் எடுத்துவிட வேண்டும். ஒன்று தப்பினாலும் அந்தப் பூ தன்னைத்தானே சினையாக்கிக்கொள்ளும், உழைப்பு வீண். பிறகு கதிருக்கு வெண்ணெய்க் காகித உறை. மறுநாள் காலை ஒன்பது, பத்து மணிக்குப் பூக்கள் விரியும் நேரத்தில், மகரந்தம் தரும் ரகத்தின் கதிரைக் கொண்டுவந்து உறைக்குள் உதறுவார்கள். காற்று அடிக்காமல் இருக்க வேண்டும், மழை வராமல் இருக்க வேண்டும். முற்றிய பிறகு பார்த்தால், வெட்டிய உமிக்கு மேல் அரிசி தலையை நீட்டிக்கொண்டிருக்கும். அந்த அரைகுறை ஆடையை வைத்தே அது கலப்பு விதை என்று சொல்லிவிடலாம்.

அந்த விதையில் முளைத்த செடிக்கு நோய் கொடுத்துப் பார்த்தால் விழுந்துவிடும். பிரதி ஒன்றுதானே மாறியிருக்கிறது. அனுபவம் இல்லாதவர் இங்கேயே "ஒன்றும் வரவில்லை" என்று தூக்கிப்போட்டுவிடக்கூடும். அந்தச் செடியைத் தானாகக் காய்க்க விட்டால் அடுத்த தலைமுறையில் சராசரியாக நாலில் ஒன்றில் எதிர்ப்பு தலைகாட்டும். 200 செடி நட்டால் 50 போல.

ஆனால் அந்த 50 செடிகளும் நாட்டு ரகத்தின் மற்ற குணங்களையும் பாதிக்குப் பாதி சுமந்து நிற்கும். விவசாயி கேட்பது, தனக்குப் பழக்கமான அதே ரகம், கூடவே நோய் தாங்கும் குணம். அதனால் கலப்புச் செடியை நல்ல ரகத்தோடு மறுபடி மறுபடி கலப்பார்கள். முதல் கலப்பில் 50 விழுக்காடாக இருக்கும் நல்ல ரகத்தின் பங்கு, ஒரு முறை திரும்பக் கலந்தால் 75, இரண்டாம் முறை 87.5, மூன்றாம் முறை கிட்டத்தட்ட 94 என்று ஏறும். பால் கலந்த தண்ணீரில் திரும்பத் திரும்பப் பால் ஊற்றுவது போல.

இதில் ஒடுங்கு பண்பு காலை வாரும். திரும்பக் கலந்த ஒவ்வொரு முறையும் செடிகளில் பாதி மாறிய மரபணுவைச் சுமக்கும், மறு பாதி சுமக்காது. ஆனால் நோய் கொடுத்தால் எல்லாமே விழும், எது எது என்று தெரியாது. பழைய வழியில் ஒவ்வொரு செடியையும் தானாகக் காய்க்க விட்டு, அதன் பிள்ளைகளுக்கு நோய் கொடுத்து, எந்தக் குடும்பத்தில் தப்பிய பிள்ளை இருக்கிறது என்று பார்த்துத்தான் தாயைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் கூடுதலாக ஒரு போகம் போய்விடும். இப்போது நாற்றின் இலையில் ஒரு துணுக்கைக் கிள்ளி டி.என்.ஏ. குறியீட்டைப் படித்தால் போதும். நோயும் வேண்டாம், பூச்சியும் வேண்டாம். மரபணுவைக் கண்டுபிடித்ததன் பெரிய லாபம் என்று நான் நினைப்பது இந்த மிச்சமான போகங்களைத்தான்.

இன்னும் குறுக்கு வழியும் வந்துவிட்டது. 2018-ல் வெளியான ஆய்வில், ஐ.ஆர். 64 ரகத்தின் இதே மரபணுவில், குறித்த இடத்தில் மரபணுவை வெட்டும் கிரிஸ்பர் முறையில் அதே இடத்துக்குப் பக்கத்தில் சிறு வெட்டுப் போட்டு, உருண்டை வைரஸை எதிர்க்கும் செடிகளை உருவாக்கிக் காட்டினார்கள். கலப்பே இல்லை என்பதால் நாட்டு ரகத்தின் வேண்டாத சுமையும் இல்லை.

எவ்வளவு நாள் தாங்கும்?

நெல்லுக்கு இன்னொரு வைரஸ் நோய் உண்டு. செடி புல்லைப் போலத் தூர் மண்டி, குட்டையாக நின்றுவிடும். அதைப் பரப்புவது புகையான் என்ற பூச்சி. ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட நெல் வகைகளைச் சோதித்தும் எதிர்ப்பு கிடைக்காமல், கடைசியில் உத்தரப் பிரதேசத்தில் சேகரித்த ஒரே ஒரு காட்டு நெல் மாதிரியில் கிடைத்தது. ஒரைசா நிவாரா என்ற அந்தக் காட்டு நெல்லை மனிதன் சாப்பிட முடியாது என்றில்லை, சாப்பிடும் அளவுக்குச் சேர்க்க முடியாது; முற்றியதும் மணி உதிர்ந்துவிடும். சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் குர்தேவ் குஷ் தலைமையிலான குழு அந்த மரபணுவைப் பல ரகங்களுக்குள் கொண்டுபோனது. 1976-ல் வந்த ஐ.ஆர். 36 அவற்றில் ஒன்று. ஒரு கட்டத்தில் அது ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் பயிரானது. 1982, 83 வாக்கில் அந்த மரபணுவுக்கு அடங்காத புதிய வைரஸ் வகை பிலிப்பைன்ஸில் தலைகாட்டியது.

துங்ரோவிலும் ஊருக்கு ஊர் வித்தியாசம் இருக்கிறது. தெற்காசியக் குச்சி வைரஸும் தென்கிழக்காசியக் குச்சி வைரஸும் மரபுப்பொருளில் தனித்தனிக் கிளைகள். லாஸ் பான்யோஸில் தாங்கிய ரகத்தை இங்கே அப்படியே நம்பி நட முடியாது. இங்குள்ள வைரஸை, இங்குள்ள பூச்சியை வைத்துச் சோதித்தாக வேண்டும். ஒரே ரகத்தை மாவட்டம் முழுக்க நடுவதும் பூச்சிக்கும் வைரஸுக்கும் நாமே வைத்துக் கொடுக்கும் பயிற்சி வகுப்புதான்.

சித்தப்பா அந்தப் போகம் பாதிதான் அறுத்தார். அறுத்த கையோடு தாளை மடக்கி உழுதுவிடச் சொன்னேன், அறுத்த தாளில் துளிர்க்கும் மறுதாம்பில் வைரஸ் அடுத்த நடவு வரை குடியிருக்கும் என்பதால். அடுத்த போகத்துக்கு விதை வாங்கப் போனவர் கடையிலிருந்தே போன் செய்தார். "இது வைரஸ் தாங்கும்னு சொல்றாங்க, எடுத்துக்கவா?" என்றார். பூச்சியைத் தாங்குமா, வைரஸைத் தாங்குமா, எந்த ஊரில் சோதித்தது என்று கேட்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் லைனுக்கு வந்து, "எல்லாத்தையும் தாங்குமாம்ப்பா" என்றார். அவர் குரலில் இருந்த சிரிப்பைப் பார்த்தால், அந்தப் பையைக் கீழே வைத்துவிட்டார் என்றுதான் தோன்றியது.